கொளத்தூர் மீன்தொட்டியிலிருந்து மலாவி ஏரி வரை: நன்னீர் ஸ்கூபா பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா கற்றுக்கொண்டு வீடு திரும்பிய வாரமே மாமா கேட்டார். "இதுக்கு ஏன்டா ஈ.சி.ஆர்.ல அவ்ளோ தூரம் போறே? இங்க செம்பரம்பாக்கம் இருக்குல்ல?" சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி மனதில் தங்கிவிட்டது. ஏரியில் டைவ் செய்ய முடியுமா? முடியும் என்றால் எங்கே? கடலில் கற்றது அங்கே போதுமா?

முடியும். ஆனால் சென்னையைச் சுற்றி இல்லை. கடலில் கற்றதும் அப்படியே போதாது. ஏரிக்குப் போவதற்கு முன் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும், சில கணக்குகளைத் திரும்பப் போட வேண்டும். பயணத் திட்டத்தில் முக்கால்வாசி வேலை அதுதான். டிக்கெட்டும் ஓட்டலும் சுலபம்.

1. நம்ம ஊர் ஏரிகளை மறந்துவிடுங்கள்

செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் எல்லாம் சென்னை குடிக்கும் தண்ணீர். குளிக்கவே அனுமதி கிடையாது, சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அனுமதி கிடைத்தாலும் பிரயோஜனம் குறைவு. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் டி.வி.யில் சொல்கிறார்களே, அது ஏழரை மீட்டர்கூட இல்லை. ஓபன் வாட்டர் என்ற ஆரம்பநிலை ஸ்கூபா சான்றிதழ் வைத்திருப்பவர் இறங்கக்கூடிய ஆழமே 18 மீட்டர். வண்டல் கலங்கிய டீ நிறத் தண்ணீரில் நீட்டிய கையின் விரல்கள் தெரியாது.

பெரிய ஆபத்து மதகுப் பக்கம். மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும். கீழே ஷட்டர் ஒரு சாண் திறந்திருந்தாலும் மொத்த ஏரியின் அழுத்தமும் அந்தச் சந்து வழியாக வெளியேறத் துடிக்கும். பக்கத்தில் போகும்வரை இழுப்பே தெரியாது, மாட்டிய பிறகு இழுத்து எடுக்க மனித பலம் போதாது. அணைகளில் வேலை செய்யும் தொழில்முறை டைவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

கல்குவாரிக் குட்டைகள் இன்னும் மோசம். பாறைக்கு நடுவில் பச்சையாக, தெளிவாகத் தெரிந்து ஆசை காட்டும். செங்குத்தான சுவர், ஏறி வர வழி இருக்காது, அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி உண்டு. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா கேரளத்தில் 2024ஆம் ஆண்டு செய்த வேலையைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து.

கொடைக்கானல், ஊட்டி ஏரிகளில் படகு மட்டும்தான். ஆக, பாஸ்போர்ட்டை எடுங்கள்.

2. ஏரியைத் தேர்ந்தெடுப்பது

மூன்று இடங்களைச் சொல்கிறேன். மூன்றும் மூன்று விதம்.

ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா. திங்வெட்லிர் தேசியப் பூங்காவுக்குள், வட அமெரிக்க, யூரேசிய நிலத்தட்டுகள் விலகும் இடத்தில் உண்டான வெடிப்பு. பனிப்பாறை உருகி, எரிமலைப் பாறை வழியாக வருடக்கணக்கில் வடிகட்டி வந்த தண்ணீர் அதில் நிரம்பி ஏரியில் கலக்கிறது. 100 மீட்டர் வரை கண்ணாடி மாதிரி தெரியும். குளிர் 2 முதல் 4 டிகிரி. மார்கழியில் 21 டிகிரிக்கே மங்கி குல்லா மாட்டும் ஊர் நம்முடையது, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். உடம்பில் தண்ணீரே படாத டிரைசூட் அங்கே கட்டாயம். அதற்கான சான்றிதழ் அல்லது டிரைசூட்டில் செய்த 10 டைவ் பதிவு இருந்தால்தான் இறக்குவார்கள். ஷெங்கன் விசா வேண்டும், அதற்கு 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும்.

பிலிப்பைன்ஸின் கோரோன் தீவில் பராகுடா ஏரி. சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். சிலிண்டரோடு மரப்படியில் ஏறி இறங்கித்தான் தண்ணீருக்குப் போக முடியும். மேலே நன்னீர், கீழே உப்புநீர். சாதாரணமாக ஏரியில் கீழே போகப் போகக் குளிரும், இங்கே தலைகீழ். சுமார் 14 மீட்டரில் ஒரு கோட்டைத் தாண்டினால் தண்ணீர் 38 டிகிரிக்குப் பக்கமாகச் சுடும். உப்புநீர் கனமானது, அதனால் சூடானாலும் மேலே வர முடியாமல் அடியிலேயே மாட்டிக்கொள்கிறது. தீவு தாக்பன்வா பழங்குடியினரின் பாரம்பரிய நிலம், நுழைவுக் கட்டணமும் கட்டுப்பாடும் அவர்களுடையது. நன்னீர் மட்டுமே வேண்டும் என்பவருக்கு இது அரைக் கணக்குதான். ஆனால் பக்கத்து விரிகுடாவில் 1944 செப்டம்பரில் மூழ்கிய ஜப்பானியக் கப்பல்கள் கிடக்கின்றன. ஒரே பயணத்தில் இரண்டும் பார்க்கலாம்.

மூன்றாவது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். காரணம் கொளத்தூர். வண்ணமீன் கடைகளில் "மலாவி" என்று கேட்டால் மஞ்சளும் நீலமுமாக ஒரு தொட்டியைக் காட்டுவார்கள், அந்த சிக்லிட் மீன்களின் பூர்வீகம் இந்த ஏரி. பண்ணையில் பொரித்த குஞ்சுகளைத்தான் நாம் வாங்குகிறோம். பள்ளி நாளில் என் தொட்டியில் இருந்த மீனின் தாத்தா பாட்டி ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. நம்ம ஏரிகளில் பிடிபடும் ஜிலேபி மீனும் இதே குடும்பம்தான், ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது, 1952இல் இந்தியாவுக்கு வந்து இங்கேயே குடியேறிவிட்டது.

உலகில் வேறெந்த ஏரியிலும் இல்லாத அளவு மீன் இனங்கள் மலாவியில் உண்டு. தெற்கு முனையில் கேப் மக்ளியர், யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் 1984 முதல் இருக்கும் தேசியப் பூங்காவின் பகுதி. தண்ணீர் 23 முதல் 28 டிகிரி, நமக்குத் தோதானது. ஒரு எச்சரிக்கை: கொளத்தூரில் அதிகம் விற்கும் "எல்லோ லேப்" மீன் ஏரியின் வடமேற்குக் கரையைச் சேர்ந்தது. கேப் மக்ளியரில் அதைத் தேடி ஏமாறாதீர்கள்.

ஏரியைத் தேர்ந்தெடுத்ததும் இணையத்தில் படம் பார்த்து முடிவு செய்யாமல், இன்றைக்கும் அங்கே அனுமதி உண்டா என்று பாருங்கள். ஆஸ்திரியாவில் வெயில் காலத்தில் பூங்காவே தண்ணீருக்குள் போகும் குரூனர் ஏரியின் படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அங்கே 2016இலேயே டைவிங்கைத் தடை செய்துவிட்டார்கள்.

3. காலம்

மலாவிக்கு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நல்லது. மே, ஜூன், ஜூலையில் தென்கிழக்குக் காற்று ஏரியைக் கலக்கிவிடும், டிசம்பர் வாக்கில் மழை பிடித்துக்கொள்ளும். பயிற்சியையும் இதற்கேற்பப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம பக்கக் கடலில் இறங்க முடியாது. ஆகவே மாசி, பங்குனியில் புதுச்சேரியில் நான்கைந்து டைவ் செய்து கையைப் பழக்கிக்கொண்டு, ஆவணி, புரட்டாசியில் கிளம்புவது சரியாக இருக்கும்.

4. உடம்பும் சான்றிதழும்

ஓபன் வாட்டர் போதும், ஆனால் கடைசி டைவ் எப்போது? ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் நீச்சல்குளத்தில் ஒரு ரிஃப்ரெஷர் வகுப்பு எடுங்கள். ஏரித் தண்ணீர் கலங்கினால் மாஸ்க் கழற்றி மாட்டுவது, ஜோடியின் காற்றைப் பகிர்வது எல்லாம் யோசிக்காமல் வர வேண்டும். (கூடவே இறங்கும் துணையை டைவர்கள் "பட்டி" என்பார்கள். எனக்கு ஜோடி என்றே வருகிறது.)

மருத்துவக் கேள்வித்தாளை உண்மையாக நிரப்புங்கள். ஆஸ்துமா, காது ஆபரேஷன், ஃபிட்ஸ், இதய நோய், பிரஷர் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். "ஆம்" என்று வரும் கேள்வி இருந்தால் டாக்டர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சென்னையிலேயே வாங்குவது சுலபம். ஏரிக்கரையில் போய் மாட்டிக்கொண்டால் கரையில் உட்கார்ந்து மீன் பொரித்துச் சாப்பிட வேண்டியதுதான்.

5. எடைக் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் சொதப்பிய இடம் இது.

கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது. கனமான தண்ணீர் நம்மை அதிகமாக மேலே தள்ளும். அதைச் சமாளித்து இறங்கத்தான் இடுப்பில் ஈயம் கட்டுகிறோம். ஏரியில் அந்தத் தள்ளல் குறைவு, அதனால் ஈயமும் குறைய வேண்டும். எவ்வளவு? நீங்களும் உங்கள் மேல் மாட்டிய சிலிண்டர், காற்றடைத்து மிதக்க உதவும் ஜாக்கெட் உட்பட எல்லாமும் சேர்ந்த மொத்த எடையில் இரண்டரை சதவீதம். நான் 72 கிலோ, சாமான் 24 கிலோ. மொத்தம் 96, அதில் இரண்டரை சதவீதம் என்றால் 2.4 கிலோ. கடலில் 7 கிலோ கட்டுகிறவன் ஏரியில் நாலரையில் ஆரம்பிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். இருந்தும் முதல் நாள் படகில் "எத்தனை கிலோ?" என்று கேட்டபோது வாய் பழக்கத்தில் "ஏழு" என்று சொல்லிவிட்டது. பின்பக்கமாக உருண்டு விழுந்தேன், கல் மாதிரி இறங்கினேன். காதைச் சமன்செய்ய மூக்கைப் பிடித்துக்கொண்டே மணலில் முழங்கால் மோத உட்கார்ந்தபோது, என்னைச் சுற்றி மைதா மூட்டை கிழிந்த மாதிரி வெள்ளையாகப் புகை எழும்பியது. ஜாக்கெட்டில் காற்றை அடித்தேன், மேலே கிளம்பினேன். வெளியே விட்டேன், திரும்ப மணல். இப்படி ஏறி இறங்கியே 28 நிமிடத்தில் காற்று முள் சிவப்புக்கு வந்துவிட்டது. என் ஜோடியின் சிலிண்டரில் பாதிக்கு மேல் மிச்சம். அன்று பார்த்த மீன்கள் எல்லாம் முதுகைக் காட்டி ஓடிய மீன்கள்தான்.

இதைத் தவிர்க்க வழி சென்னையிலேயே இருக்கிறது. நீச்சல்குளத் தண்ணீரும் நன்னீர்தானே? ஏரியில் போடப் போகும் அதே வெட்சூட்டை (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) போட்டுக்கொண்டு குளத்தில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மட்டும் மிச்சமிருக்கும்போது ஜாக்கெட்டை முழுக்கக் காலி செய்து, சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்தி, அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் சுமார் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள், டைவ் முடிவதற்குள் அவ்வளவு எடைக் காற்றை நீங்கள் சுவாசித்துத் தீர்த்திருப்பீர்கள்.

குளத்தில் வந்த அந்த எண்ணை, டைவ் விவரங்களை எழுதும் லாக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் "ஏரி" என்று போடுங்கள். கடல் எண்ணுக்குப் பக்கத்தில் "கடல்" என்று போடுங்கள். வெட்சூட் தடிமன் மாறினால் இரண்டு எண்ணும் மாறும், 3 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டருக்குப் போனால் ஈயம் கூடும். வாடகை சூட் என்றால் முதல் நாள் கரையோர ஆழத்தில் மறுபடி சோதிக்க நேரம் கேளுங்கள்.

6. உயரக் கணக்கு

பலர் சுத்தமாக மறந்துவிடும் விஷயம் இது. கடல் என்றால் கடல்மட்டம். ஏரி மலைமேலும் இருக்கும். கடல்மட்டத்துக்கு 300 மீட்டருக்கு மேலே உள்ள எந்தத் தண்ணீரில் இறங்கினாலும் அதை உயர டைவ் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மலாவி ஏரியின் மட்டம் சுமார் 475 மீட்டர்.

மேலே காற்றழுத்தம் குறைவு. ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது அழுத்தம் குறைந்த காற்றைச் சந்திக்கிறது. சோடா பாட்டிலை மெதுவாகத் திறப்பதற்கும் டப்பென்று திறப்பதற்கும் உள்ள வித்தியாசம். டப்பென்று திறந்தால் நைட்ரஜன் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும், நைட்ரஜன் நோய் என்பது அதுதான். கொடைக்கானல் மாதிரி 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 78 சதவீதம்தான். அந்த உயரத்து ஏரியில் 18 மீட்டர் இறங்கினால் நைட்ரஜன் கணக்குக்கு அது கடலில் 23 மீட்டர் இறங்கியதற்குச் சமம். மலாவியில் வித்தியாசம் சிறியது, 18 மீட்டர் 19 ஆகும். சிறியதுதானே என்று விடாமல், ஆழத்தையும் நேரத்தையும் வைத்து நைட்ரஜன் கணக்குப் போடும் டைவ் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அதில் பார்க்க வேண்டியது இரண்டு. உயரத்தை அது தானாகவே கண்டுபிடிக்குமா, நாம் அமைக்க வேண்டுமா? தானாகக் கண்டுபிடிக்கும் மாடல்களிலும் சில, தண்ணீரில் நனைவதற்கு முன்பே கரையில் ஆன் செய்தால்தான் சரியாக வேலை செய்யும். இரண்டாவது, உப்புநீரா நன்னீரா என்ற அமைப்பு. உப்புநீரில் வைத்தபடியே ஏரியில் இறங்கினால் 30 மீட்டர் ஆழத்தை 29 சொச்சம் என்று காட்டும். நைட்ரஜன் கணக்கு அழுத்தத்தை வைத்துத்தான் ஓடுகிறது என்பதால் இதில் பெரிய ஆபத்து இல்லை. ஆழ எண் மட்டும் கொஞ்சம் பொய் சொல்லும். கையேட்டை விமானத்தில் படித்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள், விமானத்தில் தூங்கிவிடுவீர்கள்.

தாழ்வான இடத்திலிருந்து மலை ஏரிக்கு ஏறிப் போகிறீர்கள் என்றால், போய்ச் சேர்ந்த பிறகு 6 மணி நேரம் பொறுத்து முதல் டைவ் செய்யுங்கள். மலாவிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. தலைநகர் லிலாங்வே 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கிருந்து ஏரிக்கு நாம் இறங்கித்தான் வருகிறோம். திரும்பும்போதுதான் வம்பு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

7. ஊசி, மாத்திரை

சில்ஃப்ராவுக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

எத்தியோப்பியா வழியாக லிலாங்வே போவது வழக்கமான பாதைகளில் ஒன்று. எத்தியோப்பியா, கென்யா மாதிரி மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்று செல்லும், ஆகவே கிளம்பும் வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சான்றாகத் தரும் மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

மலேரியாத் தடுப்பு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் டைவ் செய்யப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். மெஃப்ளோகுவின் சிலருக்குத் தலைசுற்றலும் பதற்றமும் கொடுக்கும், தண்ணீருக்கடியில் அது வந்தால் நைட்ரஜன் நோயா மாத்திரையா என்று புரியாமல் போகும். வேறு மாத்திரை உண்டு, கேளுங்கள்.

அப்புறம் நத்தைக் காய்ச்சல் என்று சொல்லப்படும் பில்ஹார்சியா. ஏரியோர நத்தைகளிலிருந்து வரும் நுண்புழு, தோலைத் துளைத்து உள்ளே போகும். கேப் மக்ளியர் இதற்குப் பேர்போனது. செடி முளைத்த ஆழமில்லாத கரையில்தான் அபாயம் அதிகம், படகிலிருந்து குதிக்கும் பாறைப் பகுதியில் குறைவு. கரை வழியாக இறங்காமல் படகு டைவ் கேளுங்கள், வெளியே வந்ததும் துண்டால் அழுத்தித் துடையுங்கள். தடுப்பூசி கிடையாது, ஆனால் வந்தால் பிராசிகுவாண்டெல் மாத்திரையில் போய்விடும்.

8. பெட்டி

சிலிண்டரும் ஈயமும் அங்கே வாடகைக்கு வாங்குங்கள். சொந்தமாகக் கொண்டுபோக வேண்டியவை முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், கம்ப்யூட்டர், இருந்தால் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி). மூன்றும் கைப்பையில். டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான், 100 வாட்-மணிக்கு மேற்பட்டதென்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கத்தி பெரிய பெட்டியில்.

24 டிகிரி என்று படித்துவிட்டு "நம்ம ஊர் ஏ.சி. அளவுதானே" என்று மெல்லிய சூட் எடுக்காதீர்கள். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகக் கொண்டுபோகும். வங்காள விரிகுடாவின் 29 டிகிரியில் பழகியவருக்கு இரண்டாவது டைவில் பல் தந்தியடிக்கும். 5 மில்லிமீட்டர் சூட்டும், கூடவே ஒரு தலைமூடியும் எடுங்கள்.

காப்பீடு வாங்கும்போது சிறிய எழுத்தைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா இருக்காது, இருந்தாலும் ஆழ வரம்பு போட்டிருப்பார்கள். டைவர்களுக்கென்றே டேன் போன்ற அமைப்புகள் காப்பீடு தருகின்றன. நைட்ரஜன் நோய்க்கு அளிக்கும் அழுத்த அறைச் சிகிச்சையும், அந்த அறை இருக்கும் ஊருக்குக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும்.

9. டைவ் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

மெயிலில் நான் கேட்டது இவைதான். அவசர ஆக்சிஜன் படகில் இருக்குமா, கடையிலா? அருகிலுள்ள அழுத்த அறை எந்த ஊரில், எத்தனை மணி நேரம்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முதல் டைவில் எடைச் சோதனைக்கு நேரம் தருவீர்களா? முதலை, நீர்யானை எந்தப் பக்கம்?

கடைசிக் கேள்வியை விளையாட்டாக நினைக்காதீர்கள். மலாவி ஏரியில் இரண்டும் உண்டு. ஆற்று முகத்துவாரம், நாணல் காடு பக்கம் போகாமல், உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பாறைத் தீவுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

10. தண்ணீருக்குள்

முதல் விஷயம் வண்டல். கடலில் கிளம்பும் மணலை நீரோட்டம் கொண்டுபோய்விடும். ஏரியில் நீரோட்டம் இல்லை, கிளப்பிவிட்டது அங்கேயே தொங்கும். கால்களை மேலும் கீழும் அடிக்காமல், முழங்காலை மடித்துத் தவளை மாதிரி பக்கவாட்டில் தள்ளுங்கள். தரையிலிருந்து ஒரு ஆள் உயரம் மேலே இருங்கள். ஜோடி காணாமல் போனால் ஒரு நிமிடம் சுற்றிப் பார்க்க வேண்டும், கிடைக்காவிட்டால் இருவரும் மெதுவாக மேலே வந்துவிட வேண்டும். இறங்கும் முன்பே இதை வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குளிர் அடுக்கு. வெயில் சுட்ட மேல்தண்ணீர் லேசாகி மேலே மிதக்கும், கனமான குளிர்ந்த தண்ணீர் அடியில் கிடக்கும், நடுவில் ஒரு கோடு. அங்கே காட்சி பாகு கரைந்த மாதிரி நெளியும். முகத்தில் சட்டென்று குளிர் அறைந்தால் மூச்சு தானாக வேகமெடுக்கும். நின்று, நாலு மூச்சு நீளமாக விட்டு, பிறகு இறங்குங்கள். குளிர்ந்த நாடுகளின் ஏரிகளில் இந்த அடுக்கு கடுமையாக இருக்கும்.

இரண்டாம் நாள் நாலரைக் கிலோவோடு இறங்கினேன். பாறைக்கு முன்னால் அசையாமல் தொங்க முடிந்தது. அப்படித் தொங்கினால்தான் சிக்லிட்கள் உங்களை மறக்கும். பாறையில் படர்ந்த பாசியை நீல மீன்கள் தலைகீழாக நின்று சுரண்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் கையகல எல்லை, பக்கத்து வீட்டுக்காரன் தாண்டினால் துரத்தல். ஒரு தாய்மீன் வாயைத் திறந்தது. கடுகளவு குஞ்சுகள் புகை மாதிரி வெளியே வந்து அதன் கண்ணைச் சுற்றிப் பரவின. நான் விட்ட குமிழிச் சத்தம் கேட்டதும் எல்லாம் திரும்ப வாய்க்குள். கொளத்தூர்த் தொட்டியில் இதே காட்சியைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கே குஞ்சுகள் ஒளிய ஒரு மூலைதான் இருந்தது.

உணவு போடாதீர்கள், பாறையைப் பிடிக்காதீர்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாத வேகத்தில் மேலே வாருங்கள். வெளியே வந்ததும் தலையைச் சாய்த்துக் காதுத் தண்ணீரை வடியவிட்டுத் துடையுங்கள். நன்னீர் காதுக்குழாயை ஊறவைத்துப் புண்ணாக்குவதில் கடலைவிடக் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

11. திரும்பும் வழி

ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏற 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். காரில் மலை ஏறுவதும் இதே கணக்குதான் என்பது பலருக்குத் தெரியாது. கேப் மக்ளியரிலிருந்து டெட்ஸா வழியாக லிலாங்வே போனால் 1,500 மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். காலையில் டைவ், மதியம் டாக்ஸி என்று திட்டம் போட்டால் உடம்பைப் பொறுத்தவரை அது பாதி விமானப் பயணம். கடைசி நாள் முழுக்கக் கரையில் இருங்கள். நான் அன்று கயாக் எடுத்துத் துழாவி, தோள் இரண்டும் சிவந்து வந்தேன்.

உப்பு இல்லையே என்று சாமானைக் கழுவாமல் மூட்டை கட்டாதீர்கள். ஒரு ஏரியின் பாசியும் நத்தை முட்டையும் ஈரமான ஜாக்கெட்டுக்குள் உட்கார்ந்து அடுத்த ஏரிக்குப் பயணம் செய்யும். ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை எப்படி மூடியது என்று பார்த்தவர்கள் நாம். எண்ணூர், பழவேற்காடு பக்கம் வெளிநாட்டுக் காக்கா ஆழி அடியை மூடி இறால் பிடிப்பவர்களின் பிழைப்பைக் கெடுப்பதும் கண்முன்னால் நடக்கிறது. ஜாக்கெட்டின் உள்பையில் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடி நிழலில் உள்ளும் புறமும் மொறமொறவென்று காயும்வரை தொங்கவிடுங்கள்.

மலாவிக்குப் போனவர்கள் காலண்டரில் இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியாகத் தண்ணீரில் இறங்கியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து பில்ஹார்சியாவுக்கான பரிசோதனை. உடனே பார்த்தால் தெரியாது. அதற்குள் காய்ச்சலோ, அரிப்போ, சிறுநீரில் இரத்தமோ வந்தால் காத்திருக்க வேண்டாம். நம்ம ஊர் டாக்டர்கள் இதை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள், "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் டெங்குவுக்கும் டைபாய்டுக்கும் எழுதிவிடுவார்கள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக "ஆப்பிரிக்காவில் ஒரு ஏரியில் இறங்கினேன்" என்று சொல்லிவிடுங்கள்.